டென்மார்க்குக்கு மட்டும்: ஓர் ஒப்பந்த விலக்கின் முப்பது ஆண்டுகள்

எந்த ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்தாலும் நான் பின்பக்கத்திலிருந்துதான் பிரிப்பேன். பல நாடுகள் சேர்ந்து ஒரு பத்திரம் எழுதினால் பொதுக் கொள்கையெல்லாம் முன்னால் கம்பீரமாக வரும். “இன்ன நாட்டுக்கு மட்டும் இது பொருந்தாது” என்ற வரி பின்னிணைப்பில், எண் போட்ட ஒரு நெறிமுறைக்குள், அதாவது ஒப்பந்தத்தோடு இணைக்கும் துணை ஆவணத்துக்குள், கிடக்கும். பேரம் எங்கே நடந்தது, யார் எதற்குப் பயந்தார்கள் என்பதெல்லாம் அந்த வரியில் தெரிந்துவிடும்.

அப்படிப்பட்ட வரிகளோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவரும் நாடு டென்மார்க். ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினர். ஆனால் சில விஷயங்களில் அதற்கென்று தனி ஷரத்து. டேனிஷ் மொழியில் இவற்றை ‘ஃபோர்பெஹோல்ட்’ என்பார்கள். நாம் விலக்கு என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கதையில் தமிழர்களுக்கும் ஓர் இடம் உண்டு. அதனாலும்தான் இந்த நிகழ்வைத் தேர்ந்தெடுத்தேன்.

ஒரே வாக்கியத்தில் ஒரு நெறிமுறை

1992 பிப்ரவரி 7 அன்று நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 12 நாடுகள் ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதோடு இணைத்த நெறிமுறைகளில் முதலாவது டென்மார்க்குக்கானது. மொத்தமே ஒரு வாக்கியம்தான். ஒப்பந்தத்தில் வேறு என்ன சொல்லியிருந்தாலும், இரண்டாம் வீடு வாங்குவது பற்றி நடப்பில் உள்ள தன் சட்டத்தை டென்மார்க் வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம்.

இதற்குப் பின்னால் இருப்பது ஜட்லாந்து தீபகற்பத்தின் மேற்குக் கடற்கரை. மணல்மேடு, கடற்காற்று, இடையிடையே சின்னச் சின்ன மரவீடுகள். டேனிஷ் குடும்பங்கள் கோடையில் போய்த் தங்கும் ‘சொமர்ஹூஸ்’ என்னும் கோடை வீடுகள் இவை. தெற்கே எல்லையைத் தாண்டினால் ஜெர்மனி. 1992-இல் அங்கே சுமார் 8 கோடிப் பேர். இங்கே சுமார் 52 லட்சம் பேர். ஒன்றியத்துக்குள் பணமும் மனிதரும் தடையின்றிப் போய்வரலாம் என்றால், கடற்கரை முழுவதும் ஜெர்மானியர் கைக்குப் போய்விடும் என்ற பயம் டேனியர்களுக்கு வெகுகாலமாக இருந்தது. டென்மார்க்கில் குடியிருக்காதவர், முன்பு 5 ஆண்டுகளாவது அங்கே வாழ்ந்திராதவர் என்றால், அனுமதி இல்லாமல் அங்கே சொத்து வாங்க முடியாது என்று 1959-லேயே ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். நெறிமுறை பாதுகாப்பது அந்தச் சட்டத்தைத்தான்.

அந்த வாக்கியத்தில் ‘நடப்பில் உள்ள’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஏற்கெனவே இருக்கிற சட்டத்தைத் தொடரலாம் என்பதுதான் அனுமதி. நாளைக்கு அதைக் கடுமையாக்கிக்கொள்ளவும் அது இடம் தருகிறது என்று படிக்க முடியாது. விலக்கு எதைப் பற்றியது, எந்தச் சட்டத்தைக் காக்கிறது, எவ்வளவு தூரம் போகும் என்ற மூன்றுமே அந்த ஒற்றை வாக்கியத்தில் அடங்கிவிடுகின்றன. இவ்வளவு கச்சிதமான நாட்டு ஷரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அடுத்து வருகிற நான்கு விலக்குகளை எடைபோட இதுதான் என் படிக்கல்.

இல்லை என்றார்கள்

டென்மார்க் அரசமைப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவுப்படி, நாட்டின் அதிகாரத்தில் ஒரு பகுதியைச் சர்வதேச அமைப்பு ஒன்றிடம் ஒப்படைக்க நாடாளுமன்றத்தில் ஆறில் ஐந்து பங்கு ஆதரவு வேண்டும். 179 உறுப்பினர் கொண்ட அவையில் அது 150. அவ்வளவு கிடைக்காவிட்டால் மக்களிடம் போயாக வேண்டும். 1992 மே மாதம் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்துக்கு ஆதரவாக 130 பேரும் எதிராக 25 பேரும் வாக்களித்தார்கள். பெரும் வெற்றிதான், ஆனால் 150-ஐத் தொடவில்லை. அதனால் ஜூன் 2 அன்று பொது வாக்கெடுப்பு.

பெரிய கட்சிகள், முதலாளிகள் சங்கங்கள், பத்திரிகைகளில் பெரும்பாலானவை எல்லாம் ஆம் என்று சொல்லச் சொன்ன வாக்கெடுப்பு அது. மக்கள் 50.7 சதவீதம் பேர் இல்லை என்றார்கள். வித்தியாசம் ஐம்பதாயிரம் வாக்குகூட இல்லை. ஒப்பந்தம் அமலுக்கு வர 12 நாடுகளும் ஏற்றாக வேண்டும். ஒருவர் மறுத்தாலும் எல்லாருக்கும் முட்டுக்கட்டை.

அந்த மாதமே இன்னொன்றும் நடந்தது. யூகோஸ்லாவியாவை விலக்கியதால் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்ட டென்மார்க் கால்பந்து அணி, ஜூன் 26 அன்று ஸ்வீடனின் யோத்தபோர்க் நகரில் ஜெர்மனியை 2-0 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியது. அதே நாளில் லிஸ்பனில் ஐரோப்பியத் தலைவர்கள் கூடி டென்மார்க்கை என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியுறவு அமைச்சர் ஊஃபே எல்லமன்-யென்சன் அணியின் கழுத்துத்துண்டோடு அங்கே வந்து நின்ற படம் டேனியர்களுக்கு இன்றும் நினைவிருக்கும்.

சரி, சிக்கலை எப்படி அவிழ்ப்பது? ஒப்பந்தத்தைத் திருத்தலாம் என்றால், திருத்திய ஒப்பந்தத்தை 12 நாடுகளும் மறுபடி முதலிலிருந்து ஏற்க வேண்டும். அயர்லாந்து ஜூன் மாதமே வாக்கெடுப்பு நடத்தி முடித்துவிட்டது. பிரான்ஸ் செப்டம்பரில் 51 சதவீதத்தில் தட்டுத்தடுமாறித் தேறியது. யாருக்கும் பொதியை மறுபடி பிரிக்க மனமில்லை. அக்டோபரில் டென்மார்க் நாடாளுமன்றத்தின் எட்டுக் கட்சிகளில் ஏழு சேர்ந்து ‘தேசிய சமரசம்’ என்ற பெயரில் ஒரு பட்டியல் போட்டன: இந்த நான்கில் மட்டும் எங்களை விட்டுவிடுங்கள், மற்றதெல்லாம் சம்மதம்.

டிசம்பர் 11, 12 தேதிகளில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் கூடிய உச்சிமாநாட்டில் அதற்கு வடிவம் கொடுத்தார்கள். ஒப்பந்தத்தில் ஒரு எழுத்தையும் தொடவில்லை. “ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தம் குறித்து டென்மார்க் எழுப்பிய சில பிரச்சினைகள்” பற்றி 12 நாட்டுத் தலைவர்களும் எடுத்த முடிவு என்று ஒரு தனி ஆவணம் எழுதினார்கள். சர்வதேசச் சட்டப்படி அது எல்லாரையும் கட்டுப்படுத்தும். ஆனால் ஒப்பந்தத் திருத்தம் ஆகாது, அதனால் யாரும் மறுபடி ஏற்க வேண்டியதில்லை. இது டென்மார்க்குக்கு மட்டுமே பொருந்தும், வேறு எந்த உறுப்பு நாட்டுக்கும், இனி சேரப்போகிற நாட்டுக்கும் பொருந்தாது என்றும் தெளிவாக எழுதிவைத்தார்கள். இன்னொருவர் வந்து எனக்கும் கொடு என்று கேட்டுவிடக் கூடாது என்பதற்கான பூட்டு அது. சட்டவேலை என்ற அளவில் எனக்கு இதன்மேல் பெரிய மரியாதை உண்டு.

நான்கு விலக்குகள் இவை: ஒன்றியக் குடியுரிமை, பொது நாணயம், பாதுகாப்பு, நீதி மற்றும் உள்துறை.

தமில்சாகன்

எடின்பரோ முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. 1993 ஜனவரி முதல், ஒன்றியத்தின் முன்வடிவமான ஐரோப்பிய சமூகத்தின் சுழற்சித் தலைமை டென்மார்க்கிடம். ஜனவரி 14 அன்று சுமார் 6,000 பக்கத்துக்கு ஒரு விசாரணை அறிக்கை வெளியானது. உச்ச நீதிமன்ற நீதிபதி மொகென்ஸ் ஹோர்ன்ஸ்லெட் தலைமையில் தயாரானது. டேனியர்கள் அந்த விவகாரத்தை ‘தமில்சாகன்’, அதாவது தமிழ் வழக்கு என்றே அழைக்கிறார்கள்.

இலங்கையில் போர் மூண்டபின் தப்பி டென்மார்க் வந்த தமிழ் அகதிகள், மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ள விண்ணப்பித்திருந்தார்கள். 1983-இன் வெளிநாட்டவர் சட்டம் அவர்களுக்கு அந்த உரிமையை நேரடியாகக் கொடுத்திருந்தது. அமைச்சர் பார்த்து இரங்கித் தருகிற சலுகையாக அதை எழுதியிருக்கவில்லை. 1987-இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹன்சன் அந்த விண்ணப்பங்களைப் பரிசீலிக்காமல் நிறுத்திவைக்கச் செய்தார். சட்டத்தை மாற்றவில்லை, ஒருவருக்கும் மறுப்புக் கடிதம் கொடுக்கவில்லை. கோப்பு நகரவில்லை, அவ்வளவுதான். கோபன்ஹேகனில் ஓர் அறையில் தகப்பன், யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ குண்டுச்சத்தத்துக்கு நடுவே பிள்ளைகள், நடுவில் எந்தப் பதிலும் தராத ஒரு அலுவலகம். நம் எல்லாருக்கும் புரியக்கூடிய காத்திருப்பு அது.

எதுவும் கம்பளத்துக்கு அடியில் தள்ளி மறைக்கப்படவில்லை என்று பிரதமர் பவுல் ஷ்லூட்டர் 1989-இல் நாடாளுமன்றத்தில் உறுதி சொல்லியிருந்தார். அந்த உறுதி நிற்கவில்லை என்று அறிக்கை காட்டியதும், பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட அவர் பதவி விலகுவதாக அறிவித்தார். நின்-ஹன்சன் மீது மிக அரிதாகவே கூடும் ராஜ்ய நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, 1995 ஜூனில் நான்கு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அது நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை.

ஜனவரி 25 அன்று பவுல் நீரூப் ராஸ்முசன் பிரதமரானார். எடின்பரோ விலக்குகளோடு மறுபடி மக்களிடம் போகும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1993 மே 18 அன்று 56.7 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். அன்று இரவு கோபன்ஹேகனின் நோர்ப்ரோ பகுதியில் கலவரம் வெடித்து, போலீஸ் 113 முறை சுட்டதில் 11 பேர் காயமடைந்தார்கள். இப்படித்தான் அந்த நான்கு விலக்குகளும் நடைமுறைக்கு வந்தன.

நான்கும் நான்கு வழி

குடியுரிமை விலக்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒன்றியக் குடியுரிமை தேசியக் குடியுரிமையின் இடத்தைப் பிடிக்காது என்பதுதான் டென்மார்க் கேட்டது. 1997-இன் ஆம்ஸ்டர்டாம் ஒப்பந்தம் அதையே எல்லா நாடுகளுக்குமான பொது விதியாக எழுதிவிட்டது. அதன்பின் தனி விலக்குக்கு வேலையில்லை.

நாணயம் வேறு மாதிரி. 2000 செப்டம்பர் 28 அன்று யூரோவுக்கு மாறலாமா என்று கேட்டபோது 53.2 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். டென்மார்க்கின் நாணயமான குரோனர் நீடிக்கிறது. ஆனால் 1999 முதல் அதன் மதிப்பு யூரோவோடு கட்டப்பட்டிருக்கிறது: 1 யூரோவுக்கு 7.46038 குரோனர், அதிலிருந்து 2.25 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. ஃபிராங்க்ஃபர்ட்டில் ஐரோப்பிய மத்திய வங்கி வட்டியை மாற்றினால் டென்மார்க் மத்திய வங்கி பெரும்பாலும் அன்றே பின்தொடரும். 2015 ஜனவரியில் சுவிட்சர்லாந்து தன் நாணயத்தின் கட்டை அவிழ்த்துவிட்டதும், அடுத்தது டென்மார்க்தான் என்று எண்ணிப் பணம் குரோனரில் வந்து குவிந்தது. கட்டைக் காப்பாற்ற மூன்று வாரத்துக்குள் நான்கு முறை வட்டியைக் குறைத்து மைனஸ் 0.75 சதவீதம் வரை போனார்கள். வீட்டுக்கடன் வாங்கிய சிலருக்கு வட்டியே எதிர்மறையானது. முடிவெடுக்கும் மேசையில் டென்மார்க்குக்கு நாற்காலி இல்லை. தங்கள் பெயரில், தங்கள் படத்தோடு ஒரு நோட்டு இருப்பது டேனியர்களுக்கு முக்கியம் என்றால் அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் விலக்கு காப்பாற்றியது நோட்டை. வட்டியை முடிவு செய்யும் சுதந்திரத்தை டேனியர்கள் ஃபிராங்க்ஃபர்ட்டின் கையில் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது நீதி, உள்துறை விலக்கு. ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் எல்லாரும் உட்கார்ந்து படிக்க வேண்டிய பகுதி இது.

1992-இல் போலீஸ், புகலிடம், எல்லை போன்றவற்றில் ஐரோப்பிய நாடுகள் அரசுக்கு அரசு என்ற முறையில் ஒத்துழைத்தன. முக்கியமான எதற்கும் எல்லாருடைய சம்மதமும் வேண்டும். அப்படிப்பட்ட ஒத்துழைப்பில் டென்மார்க் முழுமையாகப் பங்கேற்கும். ஆனால் நாடுகளுக்கு மேலான அதிகாரத்தோடு ஒன்றியமே சட்டம் போடும் முறைக்கு அது மாறினால் பங்கேற்காது என்பதுதான் விலக்கு. ஆக, 1993-இல் இந்த விலக்கால் எதுவுமே மாறவில்லை. பூட்டு இருந்தது, பூட்டுவதற்குக் கதவு இல்லை.

அப்புறம் கதவுகள் வந்தன. 1999 மே 1 அன்று அமலான ஆம்ஸ்டர்டாம் ஒப்பந்தம் புகலிடம், குடியேற்றம், எல்லை, சிவில் வழக்கு விவகாரங்களை ஒன்றியச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2009 டிசம்பர் 1 அன்று அமலான லிஸ்பன் ஒப்பந்தம் போலீஸையும் குற்றவியலையும் சேர்த்தது. டேனிஷ் மக்கள் கொடுத்த வாக்கு அதேதான். அது தொடும் பரப்பு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகிக்கொண்டே போனது. கோடை வீட்டு நெறிமுறை தன் சொந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது, அதனால் அதன் அளவு மாறவே இல்லை. இந்த விலக்கோ எதிர்த்தரப்பு எழுதும் பத்திரத்தின் வடிவத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்தப் பத்திரம் வளர வளர இதுவும் வளர்ந்தது. 1993-இல் வாக்களித்தவர்களிடம் “இது ஒருநாள் இவ்வளவு தூரம் போகும்” என்று யாரும் சொல்லியிருக்க வாய்ப்பில்லை.

புகலிடம், எல்லை, போலீஸ் பற்றி ஒன்றியம் ஒரு ஒழுங்குமுறை வெளியிடும்போதெல்லாம், முகப்புரையின் கடைசிப் பத்திகளில் ஒரு வாக்கியம் வந்து நிற்கும்: டென்மார்க்கின் நிலை குறித்த 22-ஆம் நெறிமுறையின்படி, டென்மார்க் இதை நிறைவேற்றுவதில் பங்கேற்கவில்லை, இதற்கு அது கட்டுப்பட்டதும் அல்ல, இது அதற்குப் பொருந்துவதும் இல்லை. சுங்கச்சாவடி முத்திரைபோல ஒவ்வொன்றிலும்.

வெளியே நின்றுகொண்டே உள்ளே வேண்டியதை எடுத்துக்கொள்ள டென்மார்க் படாத பாடு பட்டது. எல்லைக் கட்டுப்பாடில்லாத ஷெங்கன் பகுதியில் தொடர, ஒவ்வொரு புதிய விதியையும் ஆறு மாதத்துக்குள் தன் சட்டத்தில் ஏற்பதா என்று முடிவு செய்ய வேண்டும். புகலிட விண்ணப்பம் எந்த நாட்டின் பொறுப்பு என்று தீர்மானிக்கும் டப்ளின் விதிகளுக்குத் தனியாக ஓர் இணை ஒப்பந்தம். நீதிமன்றத் தீர்ப்புகளைப் பரஸ்பரம் ஏற்க இன்னொன்று. கேட்டதெல்லாம் கிடைக்கவும் இல்லை. 2015 டிசம்பர் 3 அன்று, முழு விலக்குக்குப் பதிலாக வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுத்துச் சேரும் முறைக்கு மாறலாமா என்று கேட்டார்கள். 53.1 சதவீதம் பேர் மறுத்தார்கள். விளைவாக, 2017 மே 1 முதல் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலில் டென்மார்க் உறுப்பினர் இல்லை. ஒரு செயல்பாட்டு ஒப்பந்தத்தின் வழியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. டேனிஷ் போலீஸ் யூரோபோல் தரவுத்தளத்தில் முன்போல் நேரடியாகத் தேட முடியாது. யூரோபோலில் உள்ள டேனிஷ் பேசும் ஊழியர்கள் தேடிச் சொல்ல வேண்டும்.

குடும்பங்களின் கதைக்குத் திரும்புகிறேன். ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்து சட்டப்படி வாழ்பவர்கள் குடும்பத்தை அழைத்துக்கொள்வது பற்றி 2003-இல் ஒன்றியம் ஓர் ஆணை போட்டது. அது டென்மார்க்குக்குப் பொருந்தாது. டென்மார்க் தன் விதிகளைத் தானே எழுதிக்கொண்டது. ஐரோப்பாவிலேயே கடுமையானவற்றில் அவையும் அடங்கும். 2002-இல் வந்த விதிப்படி கணவன் மனைவி இருவருக்கும் 24 வயதாகியிருக்க வேண்டும். பல டேனியர்கள் வெளிநாட்டுத் துணையோடு கடலுக்கு அப்பால் ஸ்வீடனின் மால்மோவில் போய்க் குடியேறி, 2000-இல் திறந்த ஓரெசுண்ட் பாலத்தில் ரயிலேறி தினமும் கோபன்ஹேகனுக்கு வேலைக்கு வந்தார்கள். ஒன்றியக் குடிமக்கள் இன்னொரு உறுப்பு நாட்டுக்குத் தடையின்றிச் செல்லும் உரிமை விலக்குக்குள் வராத பகுதி. பாலத்தின் ஒரு முனையில் மறுக்கப்பட்ட தம்பதி மறுமுனையில் சட்டப்படி சேர்ந்து வாழலாம்.

2016-இல் தற்காலிகப் பாதுகாப்பு பெற்றவர்களுக்கு மூன்றாண்டு காத்திருப்பு என்று விதி வந்தது. சிரியாவிலிருந்து வந்த அகதி ஒருவர் வழக்குப் போட்டார். 2021 ஜூலை 9 அன்று ஸ்ட்ராஸ்பூர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், அவருடைய குடும்ப வாழ்வுக்கான உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. அந்த நீதிமன்றம் ஒன்றியத்தைச் சேர்ந்ததல்ல. எடின்பரோவில் வாங்கிய எந்த விலக்கும் அங்கே செல்லாது. டென்மார்க் காத்திருப்பை இரண்டாண்டாகக் குறைத்தது. தமிழ் வழக்கில் சட்டம் கொடுத்ததை அமைச்சர் நிறுத்தினார். இங்கே சட்டமே காக்கவைத்தது. சட்டநோக்கில் இரண்டும் வேறு வேறு. காத்திருந்தவர்களின் நிலை எனக்கு ஒன்றாகவே தெரிகிறது.

பாதுகாப்பு விலக்கு முடிவுக்கு வந்த கதை சுருக்கமானது. ஐரோப்பிய ஒன்றியம் நேட்டோவிடமிருந்து ஒரு படைப்பணியை ஏற்றுக்கொண்டால், நேட்டோவின் கீழ் அங்கே இருந்த டேனிஷ் வீரர்கள் மூட்டை கட்ட வேண்டும். 2003-இல் மாசிடோனியாவிலும் 2004-இல் போஸ்னியாவிலும் அதுதான் நடந்தது. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தது. மார்ச் 6 அன்று பிரதமர் மெட்டே ஃப்ரெடரிக்சன் மற்ற கட்சித் தலைவர்களோடு சேர்ந்து வாக்கெடுப்பை அறிவித்தார். ஜூன் 1 அன்று 66.9 சதவீதம் பேர் விலக்கைக் கைவிடச் சொன்னார்கள். ஜூலை 1 முதல் அது இல்லை. மக்கள் வாக்கால் எடுத்துப்போட்ட விலக்கு நான்கில் அது ஒன்றுதான்.

கோடை வீட்டு நெறிமுறையை யாரும் தொடவில்லை. ஆம்ஸ்டர்டாம், நீஸ், லிஸ்பன் என்று மூன்று ஒப்பந்தங்களைத் தாண்டி அது அப்படியே வந்திருக்கிறது. அதே ஒற்றை வாக்கியம். எண் மட்டும் 1-இலிருந்து 32 ஆகியிருக்கிறது.